செவிட்டு நாயும் இரட்டைக் குழிப் படகும்

காசிராஜன் வீட்டில் ஐந்து மாதமாக எல்லாப் பேச்சும் நாய் வழியாகத்தான் நடந்தது.

"ஏய் வெள்ளையா, சோறு ஆறுதுன்னு சொல்லு" என்பாள் அழகுத்தாய், வாசற்படியில் படுத்திருக்கும் நாயைப் பார்த்து. "வெள்ளையா, இந்தா வாரேன்னு சொல்லு" என்பான் காசிராஜன், அதே நாயைப் பார்த்து. நாய் இரண்டு பேரையும் பார்க்காது. அது அசல் ராஜபாளையம் நாய். பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, பிறவியிலேயே காது கேட்காது. தெருவில் யானைவெடி போட்டாலும் வால்கூட அசையாது. ஒரு பக்கத்துக் கோபத்தை இன்னொரு பக்கத்தில் கூட்டிச் சொல்லவும் தெரியாது, குறைத்துச் சொல்லவும் தெரியாது. தூது போக இதைவிட யோக்கியமான ஆள் எங்கே கிடைக்கும்?

புருசனும் பெண்டாட்டியும் பேசாமல் இருப்பது ராஜபாளையத்தில் ஒன்றும் அதிசயமில்லை. சுவரைப் பார்த்துச் சொல்கிற வீடு உண்டு. அடுப்பைப் பார்த்துச் சொல்கிற வீடு உண்டு. பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள்தான் அந்தப் பாவத்தைச் சுமக்கும். இவர்களுடைய பிள்ளைகள் இரண்டும் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்ததால் வேலை நாய்க்கு வந்து சேர்ந்தது.

எல்லாம் ஓர் அண்டாவால் வந்த வினை.

மில்களை ஒட்டிய சந்தில் காசிராஜனுக்கு ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதில் ஃபைபர் சாமான்கள் செய்தான். நூல் மில்லில் பஞ்சுத் திரி சுருண்டு விழுவதற்கு இடுப்புயரத்தில் உருளை உருளையாகக் கேன்கள் நிற்குமே, அதுதான் முக்கியமான தொழில். அச்சின் மேல் மெழுகு தடவி, கண்ணாடி நாரைப் பரப்பி, அதன் மேல் பிசினை ஊற்றித் தேய்த்தால், காய்ந்த பிறகு தோல் மாதிரி உரிந்து வரும். மெழுகுதான் உயிர். மெழுகு தடவாவிட்டால் ஃபைபர் அச்சோடு ஒட்டிக்கொண்டு, சாகும்வரை வராது. தொழிலுக்கு வந்த முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுப்பார்கள்.

ஐப்பசியில் ஒரு மில்லுக்கு அவசரமாக ஒரு பெரிய தொட்டி தேவைப்பட்டது. உருண்டையாக அச்சு எதுவும் கையில் இல்லை. காசிராஜன் வீட்டுக்கு வந்தான், பரணில் இருந்த அழகுத்தாயின் அண்டாவைப் பார்த்தான், தூக்கிக்கொண்டு போய்விட்டான். மம்சாபுரத்திலிருந்து கல்யாணச் சீராக வந்த பித்தளை அண்டா அது. அவள் அப்பா கண்ணுச்சாமி, பாத்திரக் கடையில் நின்று, உளியால் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டி வாங்கியது. 'மம்சாபுரம் கண்ணுச்சாமி மகள் அழகுத்தாய்'. அதைக் கவிழ்த்துப் போட்டு, அவசரத்தில் மெழுகு தடவ மறந்து, பச்சை நிறப் பிசினை ஊற்றித் தேய்த்துவிட்டான். பத்து வருசமாக இதே வேலை செய்கிறவன். ஒட்டிக்கொண்டது. பேரும் ஊரும் அப்பன் பேருமாக எல்லாம் பச்சைக்குள் போயின.

அதோடு விட்டிருந்தாலும் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். அண்டாவைத் திரும்பக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தபோது இவன் வாய் சும்மா இருக்கவில்லை. இனிமேல் இது துருவே பிடிக்காது என்றான், ஏதோ நல்லது செய்துவிட்டவன் போல. பித்தளை எந்தக் காலத்தில் துருப்பிடித்தது? அழகுத்தாய் அண்டாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு நாயைப் பார்த்தாள். அன்றிலிருந்து நாயைத்தான் பார்க்கிறாள்.

மன்னிப்பு கேட்கவில்லையா என்றால், கேட்டான். பல தடவை கேட்டான். "வெள்ளையா, தெரியாம நடந்துபோச்சுன்னு சொல்லு." "வெள்ளையா, வேற அண்டா வாங்கித் தாரேன்னு சொல்லு." நாய் கொட்டாவி விட்டது. அடுப்படியிலிருந்து கரண்டி சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

இந்த நிலைமையில்தான் தொண்ணூற்று மூன்றாம் வருசம் தை மாதம் வைகுண்டராஜ் வந்து இறங்கினார். நேவியில் இருந்து ஓய்வு பெற்று, தூத்துக்குடியில் இளவட்டங்களுக்குக் கடலில் துடுப்புப் போடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். வேன் கூரையில் பழைய படகு ஒன்றைக் கட்டிக் கொண்டுவந்திருந்தார். கயாக் என்றார். இரண்டு பக்கமும் கூர்மையாக, நடுவில் ஆள் உட்கார இரண்டு குழி, ஒன்றன்பின் ஒன்றாக. வெயிலில் வெடித்துப் போயிருந்தது. இதையே அச்சாக வைத்துப் புதிதாக ஒன்று செய்துகொடு, பிடித்திருந்தால் பயிற்சிப் பள்ளிக்கு வேண்டிய அத்தனை படகையும் உன்னிடமே வாங்கிக்கொள்கிறேன் என்றார். கேன் தொழில் படுத்துக்கொண்டிருந்த காலம் அது. மில்காரர்கள் பிளாஸ்டிக் கேனுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் கொட்டகையைப் பூட்ட வேண்டியதுதான்.

ஆனால் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. செய்தவனே அந்தப் படகில் ஏறி அலையைத் தாண்டிப் போய் அலையைத் தாண்டித் திரும்பி வர வேண்டும், கூட உட்காருகிறவர் அவன் வீட்டு ஆளாக இருக்க வேண்டும். வேலையாளை உட்கார வைக்கிறவன் படகை மிதக்க வைக்கிற காற்றறையை ஒழுங்காக அடைக்க மாட்டான், வீட்டு ஆளை உட்கார வைக்கிறவன் தூக்கமில்லாமல் அடைப்பான் என்பது அவர் கணக்கு. எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கெஞ்சியும் அந்த வழக்கத்தை அவர் விட்டதில்லையாம்.

காசிராஜன் அன்று சாயங்காலம் நாயிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னான். நாய் தூங்கிவிட்டது. அழகுத்தாய் முறத்தில் உளுந்தைப் புடைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் மம்சாபுரத்துத் தோட்டக் கிணற்றில் பம்புசெட் ரூம் மேலே ஏறித் தலைகீழாகக் குதித்தவள் அவள். பையன்கள் பார்த்துப் பயந்த கிணறு.

"ஏய் வெள்ளையா, நான் வாரேன்னு சொல்லு. கொட்டகைக்காகத்தான் வாரேன், ஆளுக்காக இல்லன்னும் சொல்லு."

படகு தயாரானது. பழைய படகின் மேல் காசிராஜன் மெழுகு தடவிய தடவலில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்திருக்கும். சாப்பாட்டுத் தூக்கோடு வந்த அழகுத்தாய் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கூடவே வந்திருந்த நாயிடம், மெழுகு தடவத் தெரியாத ஆள் இல்லை போலிருக்கே என்று சொல்லிவிட்டுப் போனாள். வேலையாள் பேச்சிமுத்து சிரிப்பை அடக்கப் பிசின் டப்பாவுக்குள் முகத்தைக் கொண்டுபோனான். முன்னாலும் பின்னாலும் காற்றறைகளைக் காசிராஜன் தன் கையாலேயே அடைத்தான், வைகுண்டராஜ் கணக்குப்படியே, தூக்கமில்லாமல். மிச்சம் கிடந்த நிறம் அந்தப் பச்சைதான் என்பதால் படகும் பச்சையாகவே வந்தது. ஊர் அதற்கு மிளகாய் என்று பேர் வைத்தது.

கடலுக்குப் போகும் முன் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கண்மாயில் பழகினார்கள். அந்த வருசம் கண்மாய் நிறையத் தண்ணீர். கரையில் நின்று வைகுண்டராஜ் சொல்லிக் கொடுத்தார். முன்னால் இருக்கிறவர் போடுகிற துடுப்பைப் பார்த்துப் பின்னால் இருக்கிறவர் போட வேண்டும். படகைத் திருப்புவது பின்னால் இருக்கிறவர் வேலை. முன்னால் வருவதைப் பார்த்துச் சொல்வது முன்னால் இருக்கிறவர் வேலை. அழகுத்தாய் முன்னால், காசிராஜன் பின்னால்.

முதல் நாள் மிளகாய் ஒரே இடத்தில் சுற்றியது. அவள் வலது பக்கம் போட்டால் இவனும் வலது பக்கம் பலமாகப் போட்டான், அவள் இடது பக்கம் போடுவதற்குள் இவன் மறுபடி வலது பக்கம் போட்டான். கோர்ட்டுக்கு வந்தவர்கள், பால்கோவா வாங்க வந்தவர்கள் எல்லாம் கரையில் கூடி ஆலோசனை சொன்னார்கள். ஒருவர் அதைப் பின்பக்கமாக ஓட்டிப் பார்க்கச் சொன்னார். குளிக்க வந்த எருமைக் கூட்டம் மொத்தமாகத் தண்ணீரில் இறங்கியபோது படகு லேசாக ஆடியது. அலையையும் பார்த்தாயிற்று என்று காசிராஜன் அப்போது நினைத்துக்கொண்டான். வைகுண்டராஜ் எருமைகளைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

மாசி மாதம் ஒரு நாள் விடிந்ததும் வேனில் மிளகாயைக் கட்டிக்கொண்டு மணப்பாட்டுப் பக்கம் கடற்கரைக்குப் போனார்கள். வண்டி ஓட்டியது பேச்சிமுத்து. நாயை வீட்டில் விட்டுவிட்டார்கள், பக்கத்து வீட்டுப் பரிபூரணத்தின் பொறுப்பில்.

இறங்கியதும் காசிராஜனுக்கு எருமைகள் ஞாபகம் வந்தது, கூச்சமாகவும் இருந்தது. அலை தூரத்தில் தடித்து எழுந்து, ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து, முனை வெளுத்து, பிறகு மொத்தமாகக் கவிழ்ந்தது. கவிழ்கிற சத்தம் காலடி மணலில் தெரிந்தது.

வைகுண்டராஜ் அவசரப்படவில்லை. செத்த நேரம் சும்மா பார்க்கச் சொன்னார். பார்க்கப் பார்க்கத் தெரிந்தது: பெரிய அலைகள் கூட்டமாக வந்தன, பிறகு கொஞ்சம் இளைப்பாறல், அப்போது சின்னச் சின்னதாக வந்தன. அந்த இளைப்பாறலில்தான் போக வேண்டும். படகின் மூக்கு அலைக்கு நேராக இருக்க வேண்டும், கொஞ்சம் கோணினாலும் புரட்டிவிடும். அலை மேலே விழும்போது குனிந்துகொள்ளலாம், துடுப்பை மட்டும் நிறுத்தக் கூடாது. கவிழ்ந்துவிட்டால் படகுக்கும் கரைக்கும் நடுவில் நிற்கவே கூடாது, தண்ணீர் நிறைந்த படகு அலையோடு வந்து மோதினால் எலும்பு மிஞ்சாது. ஆண்டாள் தேர் ஓடும்போது அதற்கு முன்னால் யாராவது நிற்பார்களா, அது மாதிரிதான் என்று காசிராஜன் மனசுக்குள் குறித்துக்கொண்டான்.

மிதவைச் சட்டையை மாட்டி, தலைக்கவசத்தைக் கட்டினார்கள். அழகுத்தாய் கண்மாயில் பழகியபோதே மகனுடைய பேன்ட்டைச் சேலைக்கு மாற்றாகப் போட ஆரம்பித்திருந்தாள். அதைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று நாய் மூலமாக ஏற்கெனவே அறிவித்துமிருந்தாள்.

இடுப்பளவு தண்ணீரில் ஏறி உட்கார்ந்து துடுப்புப் போட்டார்கள். முதல் சின்ன அலை மூக்கைத் தூக்கி இறக்கியது. இரண்டாவதும் அப்படியே. காசிராஜனுக்குத் தைரியம் வந்துவிட்டது, வந்த தைரியத்தில் வலது பக்கம் ஒரு போடு பலமாகப் போட்டான். படகின் மூக்கு இடது பக்கம் கோணியது. முன்னால் ஓர் அலை தடித்து எழுவதை அழகுத்தாய் பார்த்தாள். மூக்கு கோணியிருப்பதையும் பார்த்தாள். சொல்ல வேண்டியது அவள் வேலை. வாயைத் திறந்தாள்.

"ஏய் வெள்ளையா, பின்னால இருக்கவுககிட்டச் சொல்லு, மூக்கு கோணலா—"

அலை அதற்கு மேல் கேட்க நிற்கவில்லை.

காசிராஜன் தண்ணீருக்குள் எத்தனை தடவை உருண்டான் என்று அவனுக்கே தெரியாது. காதுக்குள் மண், மூக்குக்குள் உப்பு. காலுக்குத் தரை தட்டியதும் எழுந்து நின்று கண்ணைத் துடைத்தான். நின்ற இடம் படகுக்கும் கரைக்கும் நடுவில். பச்சை மிளகாய் தண்ணீர் நிறைந்து குறுக்காக அடுத்த அலையோடு அவனை நோக்கி வந்தது. தேருக்கு முன்னால் நின்றது அவன்தான். கால் நகரவில்லை.

பின்பக்கமாகச் சட்டையைப் பிடித்து யாரோ ஒரு இழுப்பு இழுத்தார்கள். பக்கவாட்டில் போய் விழுந்தான். படகு அவன் நின்ற இடத்தைக் கடந்து மணலில் மோதி நின்றது. இழுத்தவள் அவனைப் பார்க்கவில்லை. கரையேறி, தலைமுடியை முறுக்கித் தண்ணீரைப் பிழிந்தாள்.

வைகுண்டராஜ் படகைச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். எங்கும் ஒரு கீறல் இல்லை, காற்றறையில் ஒரு சொட்டு நீர் இல்லை. படகில் குறை இல்லை என்றார். பிறகு அழகுத்தாயிடம் வந்து, அலை வரும்போது யாரிடமோ என்னமோ சொல்லிக்கொண்டிருந்தீர்களே, என்னது அது என்று கேட்டார். அவள் கடலைப் பார்த்தாள். காசிராஜன் மணலைப் பார்த்தான். கடைசியில் பேச்சிமுத்துதான் நாய் விவகாரத்தை, அண்டாவில் தொடங்கி, அவரிடம் ஒப்பித்தான்.

அவர் சிரிப்பார் என்று காசிராஜன் எதிர்பார்த்தான். அவர் சிரிக்கவில்லை.

"கடல்ல நாய்க்கு எடம் கிடையாதும்மா" என்றார். "ரெண்டு குழிதான் இருக்கு."

இன்னொரு தடவை போகலாம் என்றார். அதிலும் ஆகாவிட்டால் கொச்சியில் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், வேலை அவனுக்குப் போய்விடும். சொல்லிவிட்டு, படகில் இருந்த தண்ணீரைக் கவிழ்க்கப் பேச்சிமுத்துவோடு போய்விட்டார்.

காசிராஜன் ஈர மணலில் உட்கார்ந்தான். கொஞ்ச தூரத்தில் அவள், முதுகைக் காட்டிக்கொண்டு. கொட்டகையைப் பற்றித்தான் அவன் கவலைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கொட்டகை அந்த நேரத்தில் அவன் நினைப்பிலேயே இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்த கை ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்றிருந்தது. திட்டினாலும் சரி. கூறுகெட்ட மனுசா என்று அவள் வாயால் நேராக ஒரு தரம் கேட்டால் போதும். ஐந்து மாதத்தில் அவளுடைய பேச்சுக்கு அவன் இவ்வளவு ஏங்கிப் போயிருந்தான் என்பது உப்புத் தண்ணீர் குடித்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது.

இரண்டாவது தடவை இறங்கினார்கள். பெரிய அலைக்கூட்டம் போகும்வரை காத்திருந்து ஏறினார்கள். முன்னால் அவள் தோள் மாறி மாறி அசைந்தது, இவன் அதைப் பார்த்தே துடுப்பைப் போட்டான், வலதுக்கு வலது, இடதுக்கு இடது. இரண்டு அலை தாண்டியது. அடுத்தது எழுந்தது.

"எடது பக்கம் திருப்புங்க" என்றாள் அழகுத்தாய்.

திருப்புங்க என்றாள். சொல்லு என்று சொல்லவில்லை. அந்த வார்த்தை யாருக்கு என்று பார்க்கக் காசிராஜன் திரும்பிவிடத்தான் இருந்தான். பின்னால் யாரும் இல்லை.

"இன்னும் கொஞ்சம். போதும். இப்பப் போடுங்க, போடுங்க, நிப்பாட்டாதீக."

வலது பக்கம் ஆழமாகப் போட்டு மூக்கை நேராக்கினான். பிறகு இரண்டு பேரும் போட்டார்கள். அலை நிமிர்ந்தது, வெளுத்தது, அவள் தலையைக் குனிந்துகொண்டு அதற்குள்ளேயே துடுப்பை இறக்கினாள். பச்சைத் தண்ணீர் அவள் மேல் விழுந்து, இவன் மேல் விழுந்து, முதுகு வழியாகப் போனது. கண்ணைத் திறந்தபோது வானம் அதே இடத்தில் இருந்தது, படகு தண்ணீருக்கு மேலே இருந்தது. அதற்குப் பின் வந்த இன்னொன்றையும் தாண்டினார்கள். அப்புறம் அலை உடையவே இல்லை. தண்ணீர் மட்டும் மெல்ல உயர்ந்து, மெல்ல இறங்கியது, தொட்டிலில் கிடப்பது போல.

வெளியே வந்துவிட்டார்கள். கரையில் வைகுண்டராஜ் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்தார்.

காசிராஜன் அவள் முதுகைப் பார்த்தான். மிதவைச் சட்டையின் நாடா ஈரத்தில் முறுக்கிக் கிடந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல மாட்டோம் என்று அவனுக்குத் தோன்றியது. இடையில் ஆள் இல்லை, சுவர் இல்லை, படுத்துக் கிடக்க நாய் இல்லை. நாக்கு உலர்ந்தது, இவ்வளவு தண்ணீருக்கு நடுவிலும்.

"அழகு, மெழுகு தடவாம விட்டது நாந்தான். கேக்காம எடுத்துட்டுப் போனதும் நாந்தான். அதுக்குப் பொறவு துருப்பிடிக்காதுன்னு சொன்னேம் பாரு, அதுதான் எல்லாத்தையும் விடக் கேவலம். உங்கப்பா வெட்டின பேர நான் மூடிட்டேன்."

ஒரு அலை அவர்களைத் தூக்கி இறக்கிவிட்டுக் கரையில் போய் உடைந்தது.

"இதத்தான் அஞ்சு மாசமா நாய்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தீகளா?" என்றாள், திரும்பாமல்.

"நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த."

"கேட்டேன். எங்கிட்டச் சொல்லலயே."

அவள் துடுப்பைக் கையில் மாற்றிப் பிடித்துக்கொண்டாள். வாங்க, போவோம் என்றாள்.

திரும்பி வருவதுதான் போவதைவிடக் கஷ்டம் என்று வைகுண்டராஜ் முன்பே எச்சரித்திருந்தார். போகும்போது அலை முகத்துக்கு நேரே வரும், முன்னால் இருக்கிறவர் பார்த்துச் சொல்லலாம். வரும்போது அது முதுகுக்குப் பின்னால் வரும், பின்னால் இருக்கிறவர்தான் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முன்னால் இருக்கிறவருக்கு எதுவும் தெரியாது, சொல்கிறவன் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. அலையோடு போட்டி போட்டு அதன் முன்னால் ஓடக் கூடாது. அதை அடியில் போகவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வர வேண்டும். அப்படியும் ஓர் அலை பிடித்துக்கொண்டு படகைக் குறுக்கே திருப்பிவிட்டால், எல்லாருக்கும் கரைப் பக்கம் சாயத்தான் தோன்றும். அப்படிச் சாய்ந்தவன் கவிழ்வான். அலை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே சாய்ந்து, துடுப்பை அலை மேலேயே ஊன்றிக்கொள்ள வேண்டும்.

இப்போது சொல்ல வேண்டியது இவன் முறை. மெழுகு தடவ மறந்தவன் சொல்லை நம்பித் தலையைக் கொடுக்க யாருக்கும் தயக்கம் இருக்கும். அவனுக்கே இருந்தது. திரும்பிப் பார்த்தான். பெரிய அலை ஒன்று வந்தது.

"பின்னுக்குப் போடு" என்றான். போட்டாள். அலை அடியில் நழுவிப் போனது. "இப்பப் போ." போனார்கள். "நிப்பாட்டு." நிறுத்தினாள். ஒரு கேள்வி இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. கல்யாணமான இத்தனை வருசத்தில் அவன் சொல்லி அவள் இவ்வளவு கேட்டதில்லை, அவனும் இவ்வளவு பார்த்துச் சொன்னதில்லை. அலையின் முதுகைப் பிடித்துப் பிடித்துப் பாதித்தூரம் வந்துவிட்டார்கள்.

கடைசியில் ஒன்று ஏமாற்றியது. சின்னது என்று நினைத்து அவன் சொல்லாமல் விட்ட அலை, பக்கத்தில் வந்து பெரிதானது. படகின் வாலைத் தூக்கி ஒரு பக்கமாகத் தள்ளியது. மிளகாய் சறுக்கிக் குறுக்கே திரும்பியது. வலது பக்கம் அலை, சுவர் மாதிரி எழுந்து நுரைத்தது. இடது பக்கம் கரை. உடம்பு முழுக்க இடது பக்கம் போ, போ என்று கத்தியது. கிணற்றில் குதித்தவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

"அலைப்பக்கம் சாய் அழகு. எம்பேச்ச நம்பிச் சாய்."

சாய்ந்தாள். பாதி மனசோடு இல்லை, மொத்தமாகச் சாய்ந்தாள். நுரைக்குள் துடுப்பை ஊன்றி, தோளை அதன் மேல் போட்டாள். அவனும் சாய்ந்தான். அலை அவர்களை விழுங்காமல் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனது, படகு குறுக்காகவே சறுக்கியது, எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு அடியில் மணல் உரசியது. நின்றுவிட்டது.

வைகுண்டராஜ் நடந்து வந்தார். வந்த விதம் பார்க்க நன்றாக இல்லை என்றார். ஆனால் படகு கீழேயும் தலை மேலேயும் இருக்கிறது, எனக்கு அது போதும் என்றார். மிச்சப் படகுகளை எப்போது தொடங்குவாய் என்று கேட்டார். காசிராஜன் தலையைத் தலையை ஆட்டினான், எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரியாமல். பேச்சிமுத்து இருவருக்கும் துண்டு கொண்டுவந்து கொடுத்தான். துண்டு ஒன்றுதான் இருந்தது. அழகுத்தாய் துடைத்துக்கொண்டு, அதை இவன் தோளில் போட்டுவிட்டு வேனுக்குப் போனாள்.

ஆனால் வேனில் ஏறிய பிறகு அவள் வாயே திறக்கவில்லை. திருச்செந்தூர் தாண்டியது, திருநெல்வேலி தாண்டியது. ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து அவள் கண்ணை மூடியிருந்தாள். கடலில் சொன்னதெல்லாம் கடலோடு போயிற்றோ என்று காசிராஜன் பயந்தான். திருப்புங்க, போடுங்க என்பதெல்லாம் பேச்சில் சேருமா? ஆபத்துக்குச் சொன்னது, அவ்வளவுதான். கரைக்கு வந்ததும் மறுபடியும் பழையபடி நாய்தானோ? எல்லாப் படகையும் தானே செய்வதாக வைகுண்டராஜிடம் ஒப்புக்கொண்டிருந்தான். சந்தோஷப்பட வேண்டிய நாள். சந்தோஷப்பட முடியவில்லை.

ராஜபாளையத்துக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் வெள்ளையன் படுத்திருந்தான். வேன் வந்த சத்தம் அவனுக்குத் தெரியாது. மண்ணில் வந்த அதிர்வில்தான் எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்துகொண்டான். அழகுத்தாய் குனிந்து அவன் தலையைத் தடவினாள்.

"ஏய் வெள்ளையா" என்றாள்.

காசிராஜனுக்கு உயிரே போய்விட்டது. நின்ற இடத்திலேயே நின்றான்.

"ஒனக்கு இனிமே இந்த வீட்ல சோலி இல்ல. போய்ப் படு" என்றாள் நாயிடம். பிறகு நிமிர்ந்து, ஐந்து மாதத்தில் முதல் தடவையாகப் புருசன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உளிய எங்க வச்சிருக்கீக? அண்டாவுல எம் பேரு இருந்த எடத்துலயிருந்து உரிக்கணும்."

உளி கொட்டகையில் இருந்தது. காசிராஜன் செருப்பைக்கூடப் போடாமல் அதை எடுக்க ஓடினான்.